பங்காளியாகப் பார்த்த சம்பந்தி

பாலோ ஸ்டேஷனில் ஐயாசாமிக்கு வேலை கைகாட்டி இழுப்பது. ஆனால் அதை அந்த வார்த்தையால் சொன்னவரோடு அவர் அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ரயில்வேயில இருக்கேன்" என்பார். சொல்லுகிற தோரணையில், சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் தண்டவாளத்தை அவரே குனிந்து போட்டுவிட்டு இப்போதுதான் நிமிர்ந்தார் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். கோட்டின் பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். வெயிலில் அவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைக் குனிவார்கள். அதை ஐயாசாமி மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

அந்தப் பொத்தான்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லாயாங் லாயாங்கில் ரயிலை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டத்துக்கு நடந்து, கங்காணி காளியப்பன் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு கத்தலிலேயே ஆட்களை வரிசையாக நிறுத்துகிற காளியப்பன், அன்றைக்கு வாயைக் கையால் பொத்தாத குறையாக எதிரே நின்றான். பெண்ணைப் பெற்றவன் நிலைமை அப்படி. அவன் பெறாதவன் வேறு. அதனால் நிலைமை இரண்டு மடங்கு.

பெண் தனலெட்சுமி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்கு உதவியாளாக இருக்கிற ஜெயபாலன், ஐயாசாமியின் மகன். பால்வெட்டுக் கத்தி பட்ட விரலுக்குக் கட்டுப் போட வந்தவளுக்கு அவன் கட்டிய கட்டு மற்றவர்களுக்குக் கட்டுகிற கட்டைவிடப் பெரிதாக இருந்ததைத் தோட்டமே பார்த்தது. விரல் ஆறிய பிறகும் அவள் கட்டுப் போட்டுக்கொள்ளப் போனதையும் பார்த்தது. மிச்சம் இருந்தது ஐயாசாமியின் சம்மதம்.

"பொண்ணு நல்ல பொண்ணு. அதுல எனக்குப் பேச்சே இல்ல" என்று ஆரம்பித்தார் அவர்.

"சந்தோசங்க."

"தமிழ் எங்க வீட்டுப் பிள்ளைங்களை விட நல்லாவே பேசுது."

"நாங்க பேசுனதைத்தானே பேசும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது அங்கம்மா, காளியப்பன் மனைவி. அவள் அடுப்படியில் இருந்தாலும் பேச்சு எப்போதும் கூடத்தில்தான் இருக்கும்.

ஐயாசாமி அதைக் கேட்காதவராக ஒரு பொத்தானைத் தடவினார். "ஆனா கங்காணி, வளர்த்தது நீங்க. பெத்தது சீனவங்க. அவங்க எந்த வம்சம், என்ன குலம், நமக்கு என்ன தெரியும்? நாங்க மந்திரி வம்சம். ஜமீன்ல ராஜாவுக்குப் பக்கத்து ஆசனம் எங்களுக்கு. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

ஐயாசாமியின் தகப்பனார் எந்த ஜமீனில் எந்த ஆசனத்தில் இருந்தார் என்பது அவரை ஏற்றி வந்த கப்பலுக்கே வெளிச்சம். ஆனால் அவரைத் தனியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. நாகப்பட்டினத்தில் மூட்டையோடு ஏறிய எத்தனையோ பேர் பினாங்கில் இறங்கும்போது பரம்பரையோடு இறங்கினார்கள். நடுக்கடலில் விசாரிக்க ஆளில்லை. காளியப்பனே கப்பலில் ஒரு சின்ன மிராசுதாருக்குத் தம்பி முறை ஆகிவிட்டவன். அதனால் மந்திரியை எதிர்த்து அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை பரிசத்துக்கு வர்றோம். பொண்ணோட குலம் என்னன்னு சபையில சொல்லுங்க. சொன்னா தட்டு மாத்தலாம். இல்லேன்னா காபி குடிச்சிட்டு ரயிலேறிடுவோம்" என்று எழுந்தார் ஐயாசாமி.

அவர் போன பிறகு அங்கம்மா நாற்காலியை ஒரு துணியால் துடைத்தாள். "மந்திரியாம் மந்திரி. கைகாட்டி இழுக்கிற மந்திரி."

"சும்மா இரு. பிள்ளை காதுல விழப்போவுது."

"அவ காதுல விழுந்து ரொம்ப நேரமாச்சு. பின்னால கல்லுல உட்கார்ந்து அழுவுறா." துணியை உதறிவிட்டு அவள் குரலைத் தணித்தாள். "ஏங்க, அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லிச்சே. அதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

 இருபது வருஷமாக அந்த வார்த்தையைக் காளியப்பன் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அது சீனர் கணக்கில் புலி வருஷம். அந்த வருஷத்தில் பெண் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஆற்றோரத்துக் காய்கறித் தோட்டத்தில் ஒரு மாமியார் தீர்மானம் செய்துவிட்டாள். குழந்தையின் தாய், பிள்ளையில்லாத காளியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பச்சைக் குழந்தையை அங்கம்மா கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கியவள் திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச மலாய்ப் பேச்சில் சொன்னாள்: "இவ லிம். ஜங்ஙான் லுப்பா." லிம் என்பது குழந்தையின் குலப்பேர்; மற்றதற்கு மறந்துவிடாதே என்று அர்த்தம். சட்டை இல்லை, வளையல் இல்லை, ஜாதகம் இல்லை. அந்த ஒரு சொல்தான் அவள் பிள்ளையோடு கொடுத்தனுப்பிய சீர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கோ போய்விட்டது.

அந்தச் சொல்லை வெளியே விட்டால், அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து பெண்ணைக் கேட்டுவிடுவார்களோ என்று காளியப்பனுக்குப் பயம். ஆனால் இப்போது அதைச் சொல்லாவிட்டால் ஜெயபாலன் கையை விட்டுப் போய்விடுவான். அன்றைக்குச் சாயங்காலமே காளியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடைக்குப் போனான்.

கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் பேர் லிம் சூன் ஹொக். தமிழை அவர் தோட்டத் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் கற்றுக்கொண்டவர். அதனால் அவர் தமிழில் 'நீங்க' என்பதே கிடையாது. துரை தமிழ் பேசினால் துரையையும் 'நீ' என்றுதான் சொல்லியிருப்பார்.

"வா கங்காணி, ஒக்காரு. என்ன மூஞ்சி ஒரு மாதிரி?"

காளியப்பன் சுற்றி வளைத்தான். "தவுக்கே, லிம்முன்னா என்ன அர்த்தம்? ராஜான்னு ஏதாச்சும் வருமா?"

"ராஜாவா? அது ஓங். ஓங்குன்னா ராஜா. முன்னால ராஜ்யம் இருந்திச்சாம், போயிடிச்சாம். ராஜா வீடு, ராஜா வீடுன்னு ஊர் கூப்பிட்ட பேர் மட்டும் மிச்சம். குளுவாங்ல பன்னிக்கறி விக்கிறவன்கூட ஓங்தான்."

"அப்ப லிம்?"

தவுக்கே தேநீர்க் கோப்பையில் விரலை நனைத்து மேசைமேல் ஒரு மரம் போட்டார். நேர்க்கோடு, குறுக்குக் கோடு, இரண்டு கிளை. பக்கத்திலேயே இன்னொரு மரம். "ரெண்டு மரம் சேர்ந்தா என்ன? காடு. லிம்முன்னா காடு."

காளியப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. காட்டை வெட்டித்தான் அவன் இந்த ஊரில் சோறு தின்ன ஆரம்பித்தான். மந்திரி வம்சத்துக்கு முன்னால் போய்க் காடு என்று எப்படிச் சொல்வது?

"காடுதானா?"

"காடுதானாவா!" தவுக்கேயின் குரல் உயர்ந்தது. சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த கடையாள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "மூவாயிரம் வருசத்துக்கு முன்னால ஒரு கெட்ட ராஜா. அவனுக்குச் சித்தப்பா ஒரு மந்திரி, ரொம்ப நல்லவர். நீ பண்றது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னார். அதுக்கு ராஜா, 'நல்லவன் நெஞ்சுல ஏழு ஓட்டை இருக்கும்னு சொல்றாங்க, பார்க்கலாமா?'ன்னு நெஞ்சை அறுத்துப் பார்த்தான்."

"ஐயோ!"

"அவர் பொண்டாட்டி வயித்துல பிள்ளை. ஓடிட்டா. காட்டுக்குள்ள ஓடி, ஒரு கல் குகையில பிள்ளை பெத்தா. பக்கத்துல ஆள் இல்ல, விளக்கு இல்ல, மரம் மட்டும்தான். அப்புறம் கெட்ட ராஜா செத்தான், நல்ல ராஜா வந்தான். பிள்ளையைக் கூப்பிட்டு, உன் குலப்பேர் என்னன்னு கேட்டான். அதுக்குப் பேர் ஏது? உன்னைக் காப்பாத்தினது காடு, அதனால நீ காடுன்னு ராஜாவே வெச்ச பேர் இது. அந்தப் பிள்ளையோட பிள்ளைங்கதான் நாங்க எல்லாரும்."

காளியப்பன் மேசையைப் பார்த்தான். தேநீர் மரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவை காய்ந்துவிடுமே என்று அவனுக்குப் பதைப்பாக இருந்தது. குழந்தையை நீட்டிய அந்தத் தாயின் கை ஞாபகம் வந்தது. அவள் ஒன்றுமில்லாமல் கொடுத்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

அப்புறம் தவுக்கேயை நிறுத்த முடியவில்லை. லீ என்றால் ஒரு பழமாம். துரத்தப்பட்டு ஓடிய ஒரு குடும்பம் அந்தப் பழத்தைத் தின்று உயிர் பிழைத்து, நன்றிக்கு அதையே பேராக வைத்துக்கொண்டதாம். தியோ என்றால் வில் வளைத்தவன் வம்சமாம். வருஷத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து ஜின்செங் வேர் விற்கிற கொரியாக்காரன் கிம்மாம். கிம் என்றால் தங்கம். அவன் முன்னோர் காட்டு மரத்தில் தொங்கிய தங்கப் பெட்டிக்குள் குழந்தையாகக் கிடைத்தாராம். மரத்தடியில் ஒரு வெள்ளைச் சேவல் கூவியதாம்.

"எல்லாரும் காட்டுலதான் கிடைக்கிறாங்களா தவுக்கே?"

"வீட்டுல கிடைச்சவனை யாரு ஞாபகம் வெச்சுக்கிறா?"

லிம் சூன் ஹொக் என்பதில் நடுவில் இருக்கிற 'சூன்' அவர் தலைமுறைக்கு உரியது என்றும் சொன்னார். சீனாவில் அவர் ஊரில் ஒரு பாட்டு உண்டு. தலைமுறைக்கு ஒரு சொல்லாக அதை எடுத்துப் பேரில் வைத்துக்கொண்டே போவார்கள். முன்பின் தெரியாத இரண்டு லிம்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சந்தித்து, ஒரே ஊர் என்று தெரிந்தால் போதும். பேரைச் சொன்ன உடனே யார் சித்தப்பா, யார் மகன் என்று தெரிந்துவிடும். தவுக்கேயே தலை நரைத்த பிறகு, மீசை முளைக்காத ஒருவனைச் சித்தப்பா என்று கும்பிட்டிருக்கிறார்.

காளியப்பனுக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. அவனுடைய சொந்தப் பரம்பரை தாத்தாவோடு முடிந்து, அதற்கு அந்தப்பக்கம் மூடுபனி. அந்த மயக்கத்திலேயே, பயத்தை மறந்து, இருபது வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். "எங்க தனலெட்சுமி லிம், தவுக்கே."

தவுக்கே எழுந்து நின்றுவிட்டார். தினமும் உப்பும் கருவாடும் வாங்க வருகிற பெண்! "ஏய் கங்காணி! எங்க வீட்டுப் பொண்ணா? இத்தனை வருசமா என்கிட்டே காசு குடுத்துக் கருவாடு வாங்குதா?"

"நீங்க... அவளைக் கேட்க மாட்டீங்களே?"

தவுக்கேக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காளியப்பன் தோளில் ஓங்கி அடித்தார். "பேர் எங்களுது. பொண்ணு உன்னுது. எதுக்கு அழுவுறே?"

பரிசத்தன்று பாலோவிலிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னால் பொத்தான்கள், பின்னால் ஐயாசாமி. வாசல் பந்தலில், பெண் வீட்டுப் பக்கம், பங்காளிகள் உட்காருகிற பாயில், கறுப்புப் பட்டுச் சட்டை போட்ட தவுக்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போய் அவதிப்பட்டாலும் எழுந்திருக்கவில்லை.

"சபையில கேட்டுக்கிறேன். பொண்ணு என்ன குலம்?" என்றார் ஐயாசாமி.

"லிம்" என்றான் காளியப்பன். முதல்முறையாக அதைக் கூட்டத்தில் சொன்னான். பெரட்டுக் கத்தலைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

தவுக்கே கதையைச் சொன்னார். நெஞ்சறுத்த இடத்தில் பெண்கள் 'ச்சு' கொட்டினார்கள். குகையில் பிள்ளை பிறந்த இடத்தில் அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள் வாசலில் நின்ற தனலெட்சுமி தன் பேரின் கதையை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காபித் தட்டு கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. ராஜாவே கூப்பிட்டுப் பேர் வைத்தார் என்றதும், பாலோவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் ஐயாசாமியின் காதில், "மூவாயிரம் வருசமாம், ஐயாசாமி. நம்ம பக்கம் எத்தனை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் வினை. இருபது வருஷமாக ஊரில் ஒரே மந்திரியாக இருந்தவருக்கு எதிரில், நெஞ்சறுந்த இன்னொரு மந்திரி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஐயாசாமி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆச்சரியம் பாருங்க! எங்க வம்சத்துக் கதையும் அச்சா இதேதான். எங்க முன்னோரும் மந்திரி. ராஜா கோபத்துல அவரையும் கொன்னுட்டான். எங்க பாட்டியம்மாவும் காட்டுலதான் பிள்ளை பெத்தாங்க. அந்தப் பிள்ளை வழிதான் நாங்க. யோசிச்சுப் பார்த்தா, அந்தக் காலத்துல நம்மாளுங்க சீனாவுக்குக் கப்பல்ல போய் வந்து இருந்தவங்கதானே? ரெண்டும் ஒரே வம்சமாத்தான் இருக்கணும். சுத்திச் சுத்தி நாங்களும் லிம்தான்னு வெச்சுக்கங்களேன்!"

கூட்டம் 'ஆகா' என்றது. ஐயாசாமி மூவாயிரம் வருஷத்தை ஒரே மூச்சில் ஏறி முடித்த களைப்போடு உட்கார்ந்தார்.

தவுக்கே மட்டும் ஆகா சொல்லவில்லை. மரத்துப்போன காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "நீ லிம்மா?"

"சந்தேகமே இல்ல."

"அப்ப இந்தக் கல்யாணம் நடக்காது."

தவுக்கே கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"லிம்மும் லிம்மும் கட்டக் கூடாது. அண்ணன் தங்கச்சி. மூவாயிரம் வருசமா நாங்க அப்படிச் செஞ்சதில்ல. கங்காணி, தட்டை உள்ளே எடுத்து வை."

 பெண்ணுக்குக் குலம் தேடிப்போய் மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டோமே என்று காளியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டான். பாலோ கிழவர் தொண்டையைச் செருமினார். "சீனவர் சொல்றது நியாயந்தானே? நம்ம முறையும் அதுதானே? ஒரே வம்சம்னா பங்காளி. பங்காளிக்குள்ள எவனாச்சும் பொண்ணு எடுப்பானா?"

"இல்ல... ரொம்பத் தூரத்து..." என்றார் ஐயாசாமி.

"தூரம் ஏது? லிம் லிம்தான்" என்றார் தவுக்கே.

"அந்தக் காடு வேற காடா இருக்கலாம்..."

"இப்பத்தானே ஒரே வம்சம்னே?"

அந்தச் சமயத்தில் தனலெட்சுமி காபித் தட்டோடு வெளியே வந்தாள். நேரே ஜெயபாலனிடம் போனாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அங்கம்மா வளர்த்த பிள்ளை அல்லவா? "காபி எடுத்துக்குங்க, அண்ணே" என்றாள்.

ஜெயபாலன் துள்ளி எழுந்தான். "அப்பா!"

அந்த ஒரு கத்தலில் ஐயாசாமி மகனைப் பார்த்தார். பொத்தான் எதற்கும் உதவாது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பேசினால் மகன் இந்த வீட்டுக்கு அண்ணனாகிவிடுவான். பேசாமல் இருந்தால் மந்திரியாகவே ரயிலேறலாம். அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு, குரலே இல்லாமல் சொன்னார்.

"நாங்க லிம் இல்ல."

"மந்திரி?" என்றார் பாலோ கிழவர்.

"மந்திரியும் இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா ஜமீன்ல மாடு மேய்ச்சாரு. பஞ்சத்துல மாடெல்லாம் செத்துப்போச்சு. என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டுக் காட்டு வழியாவே நடந்து துறைமுகத்துக்கு வந்தாரு. காடுன்னு சொன்னது மட்டும் பொய்யில்ல. தாத்தா பேரு எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிஞ்சிருக்குமோ என்னமோ."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமென்று வாயெடுத்த ஒருவனை அங்கம்மா ஒரு பார்வையில் அடக்கினாள். பந்தலில் இருந்த முக்கால்வாசிப் பேருக்குத் தாத்தா பேர் தெரியாது.

தவுக்கே அவர் பக்கத்தில் வந்தார். "உன் அப்பா பேர் என்ன?"

"ராக்கன்."

"ராக்கன்" என்று தவுக்கே தன் வாயில் சொல்லிப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்துக் குலுக்கி, சீனர் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி குனிந்தார். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் காட்டு வழியா ஓடி வந்தவர். அந்தக் குகைப் பிள்ளைக்கும் தாத்தா பேர் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. அதுதான் எங்களுக்கெல்லாம் முதல் ஆள். இத்தனை நல்ல கதையைக் கையிலே வெச்சுக்கிட்டு, எதுக்கு என் கதையை எடுத்தே?"

 ஐயாசாமி கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார்.

"நீ லிம் இல்லேல்ல? சத்தியமா இல்லேல்ல?"

"சத்தியமா இல்ல, தவுக்கே!"

"அப்ப தடை இல்ல. கங்காணி, தட்டைக் கொண்டா!"

தட்டு மாறியது. தவுக்கே மணமகளுக்குச் சிவப்புத் தாளில் சுற்றிய ஒரு மோதிரம் கொடுத்தார். கல்யாணம் ஆனாலும் எங்கள் பெண்கள் பேர் மாறுவதில்லை, நீ கடைசிவரை லிம்தான் என்றார். "அப்ப நான் காளியப்பன் மகள் இல்லையா?" என்று அவள் கேட்டாள். அவர் நரைத்த தலையைச் சொறிந்து, "அதுவும்தான். உனக்கு ரெண்டு மரம்" என்றார். காளியப்பன் அப்போது இலை போடுகிற இடத்தில் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டான்.

"அண்ணேன்னு சொன்னியே, திரும்ப எடுத்துக்க" என்று ஜெயபாலன் மெதுவாகச் சொன்னான்.

"முதல்ல காபியைக் குடிங்க. ஆறிப்போச்சு" என்றாள் அவள்.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. அதற்குள் பாலோ ஸ்டேஷனில் ஒரு சேதி அடிபட ஆரம்பித்திருந்தது. டிக்கெட் கொடுக்கிறவரிடமும், கூலி ஆட்களிடமும், தண்ணீர் பிடிக்க நிற்கிற இன்ஜின் டிரைவரிடமும் ஐயாசாமி சொல்லிக்கொண்டிருந்தாராம்: "நாங்க ராக்கன் வம்சம். ராக்கன்னா யாருன்னு நினைச்சே? தோள்ல பிள்ளையோட காட்டைக் கடந்தவரு!" காட்டில் அப்போதே ஒரு புலி வந்துவிட்டது என்றும், பொங்கலுக்குள் அது இரண்டாகிவிட்டது என்றும் கேள்வி.

அதைக் கேட்டு அங்கம்மா சிரிக்கவில்லை. "போவட்டும். புலியை வேணும்னா குறைச்சுக்கலாம். ஆளு நிஜந்தானே?" என்றாள்.